பிசியோ கார்ட்டில கிடக்கிற இங்கிலிஷ்

மாசி 24, விசுவமடுவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டது

மாஸ்டர், தம்பி மோட்டச்சைக்கிளோட விழுந்து முழங்காலுக்குச் சரி கீழ எலும்பு முறிஞ்சு, பிளேட் வச்சு, நேற்றுத்தான் துண்டு வெட்டி வீட்டை விட்டவை. கார்ட்டில ஓ.ஆர்.ஐ.எஃப்., என்.டபிள்யூ.பி., ரோம், குவாட்ஸ் எண்டு ஏதேதோ எழுதிக் கிடக்கு. அடுத்த கிழமை பிசியோ. அங்க இருக்கிற மிஸ் சிங்களம், தமிழ் கொஞ்சம்தான் கதைப்பா. எனக்கு ரெண்டு பாஷையும் அரைகுறை. காயம், பிசியோ சம்பந்தமான இங்கிலிஷ் சொல் ஒரு நூறு எழுதித் தாங்கோவன், இருந்து பாடமாக்கிப்போட்டுப் போறன்.

மாசி 24, இரவு

நூறு சொல் பாடமாக்கினா ஓ.எல். சோதினை எழுதலாம் தங்கச்சி, பிசியோ செய்யேலாது. கார்ட்டில உள்ளதை மட்டும் பாப்பம்.

ஓ.ஆர்.ஐ.எஃப். எண்டது ஓப்பின் ரிடக்ஷன் இன்டேர்னல் பிக்சேஷன். ரிடக்ஷன் எண்டவுடன எதையோ வெட்டிக் குறைச்சுப்போட்டாங்கள் எண்டு பயப்பிடாதேங்கோ, விலகின எலும்பை அதின்ர இடத்துக்குக் கொண்டந்து பொருத்திறதுக்குத்தான் அந்தப் பேர். தோலைத் திறந்து பொருத்தினபடியா ஓப்பின். உள்ளுக்கப் பிளேட்டும் ஸ்குரூவும் பூட்டினது இன்டேர்னல். வெளியால கம்பி நீட்டிக்கொண்டு நிண்டா எக்ஸ்டேர்னல்.

உங்களுக்கு இப்ப முக்கியம் என்.டபிள்யூ.பி. தான். நொன் வெயிட் பெயரிங், அந்தக் காலில பாரமே விழக்கூடாது. மெல்லமா ஊண்டலாம், கக்கூசுக்குப் போகேக்க மட்டும் வைக்கலாம் எண்ட கதையெல்லாம் இல்லை. அடுத்த படி டோ டச், காலைச் சமநிலைக்கு நிலத்தில முட்டலாம், பாரம் குடுக்கேலாது. பிறகு பி.டபிள்யூ.பி., அது பார்ஷல், டொக்டர் சொல்லுற அளவுக்கு. கடைசி எஃப்.டபிள்யூ.பி., முழுப் பாரம். எக்ஸ்ரே பாத்துத்தான் ஒண்டில இருந்து அடுத்ததுக்கு விடுவினம், நோ குறைஞ்சிட்டுது எண்டு நாங்களா ஏறக்கூடாது, ஏன் எண்டா பிளேட் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க நோ குறைவாத்தான் இருக்கும், எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது.

ரோம் எண்டது ரேஞ்ச் ஒஃப் மோஷன், மூட்டு எவ்வளவு மடங்குது எவ்வளவு நீளுது எண்ட கணக்கு, பாகையில சொல்லுவினம். மிஸ் ரெண்டு பிளாஸ்ரிக் அடிமட்டத்தைச் சேத்துப் பூட்டின சாமான் ஒண்டை முழங்காலில வச்சுப் பாப்பா, அது கோனியோமீற்றர். சீரோ டு சிக்ஸ்டி எண்டு எழுதினா நேரா நீட்டுப்படுது, 60 பாகை வரைக்கும் மடங்குது. சமதரையில நடக்க ஏறக்குறைய 60 போதும், படி ஏற 90 அளவில வேணும், குந்தியிருக்க 110க்கு மேல வேணும். எங்கட கக்கூசுகள் எப்பிடியெண்டு உங்களுக்கே தெரியும், 60ஓட சந்தோசப்பட்டு நிப்பாட்டிப்போடாதேங்கோ.

குவாட்ஸ் தொடையின்ர முன்பக்கத்துச் சதை. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழ வச்சு, அந்தத் துவாயை நிலத்தோட நசிக்கிற மாதிரி அமத்தி ஒரு அஞ்சு செக்கன் பிடிச்சு விடுறது, அதுதான் குவாட் செட். பாத்தா ஒண்டும் நடக்காத மாதிரிக் கிடக்கும். தொடையில கையை வச்சுப் பாருங்கோ, முழங்கால் சில்லு மேல இழுபடும்.

மாசி 25

"மாஸ்டர் நூறு கேட்டா நாலு தாறார்" எண்டு கீழ ஒரு தம்பி நக்கலடிச்சிருக்கிறார். சரி, ஏன் தரேல்ல எண்டு சொல்லுறன். லிகமென்ட், மெனிஸ்கஸ், ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் மாதிரிப் பெரிய சொல்லுகளால ஒருத்தருக்கும் பிழை வாறேல்ல, விளங்கேல்ல எண்டு தெரியும், ஆரையும் கேப்பம். பிழை வாறது தெரிஞ்ச சொல்லுகளாலதான். ரெஸ்ட், டிஸ்சார்ஜ், பொசிட்டிவ், யூனியன். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு தலையாட்டிப்போட்டு வருவம்.

மல்லாவிப் பக்கத்து ஐயா ஒருத்தர் கிளினிக்கில எனக்கு முன்னால இருந்தவர், காலில கட்டு. டொக்டர் "டிஸ்சார்ஜ் தியெனவாத" எண்டு கேட்டார். புண்ணில இருந்து நீர், சீழ் ஏதும் வருதோ எண்டதுதான் கேள்வி. ஐயா வலு சந்தோசமா "ஓம் ஓம், வியாழக்கிழமை டிஸ்சார்ஜ்" எண்டார். டொக்டர் முகம் மாறி உடன கட்டை அவிழ்க்கச் சொல்லி, நேர்ஸ் கத்தரிக்கோலோட வந்து, சுத்துச் சுத்தா அவிழ்த்து, கடைசிப் பஞ்சை எடுத்தா உள்ளுக்குப் புண் காய்ஞ்சு நல்ல வடிவா இருக்கு. ஐயாவுக்கு ஏன் அவிழ்த்தவை எண்டு கடைசி வரைக்கும் விளங்கேல்ல. "நல்ல கவனிப்பு" எண்டு சொல்லிக்கொண்டு போனார்.

மாசி 25, பிறகு

பொசிட்டிவ் எண்டதையும் சொல்லிவிடுறன். ஒரு டெஸ்ட் செய்துபோட்டு பொசிட்டிவ் எண்டு எழுதினா நல்ல செய்தி இல்லை, தேடினது கிடைச்சிட்டுது எண்டு. முழங்காலைப் பிடிச்சு முன்னுக்கு இழுத்துப் பாக்கிற லக்மன் டெஸ்ட் பொசிட்டிவ் எண்டா, முழங்காலுக்கு உள்ளுக்க எலும்புகளைச் சேத்துப் பிடிக்கிற ஏ.சி.எல். எண்ட லிகமென்ட் அறுந்திருக்கு எண்ட சந்தேகம். நெகட்டிவ் எண்டாத்தான் சந்தோசப்படவேணும்.

மாசி 28

ரெஸ்ட். இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும்.

எனக்கு ஏ.சி.எல். போனது வொலிபோல் மைதானத்தில, எழும்பி அடிச்சுப்போட்டு இறங்கேக்க. ஒருத்தரும் இடிக்கேல்ல. உள்ளுக்க டொக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த லிகமென்ட் கனக்க இப்பிடித்தான் போறது, ஆள் முட்டி இல்லை, இறங்கேக்கயோ திடீரெண்டு திரும்பேக்கயோ. கார்ட்டில ரெஸ்ட் எண்டு எழுதினவை. எங்கட வீட்டில ரெஸ்ட் எண்டா என்ன? கட்டில். அம்மா சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டு வாறா, தண்ணி கட்டிலுக்கு வருது, பாக்க வாற சனம் எல்லாம் "ஆடாமல் அசையாமல் கிட தம்பி" எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு பிஸ்கட் பெட்டியும் வச்சிட்டுப் போகுது.

பிசியோவில தையல்காரற்ற அளவு நாடாவை எடுத்து, சில்லில இருந்து மேல அளந்து பேனையால ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில தொடையைச் சுத்தி அளந்தவை. ரெண்டு காலும். நாடாவைப் பாக்கத் தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிஞ்சது, ஒரு தொடை என்ர, மற்றது ஆரோ பெடியன்ர. வேஸ்டிங் எண்டு எழுதினவை. படுத்துக் கிடக்கிற சதை கிழமைக் கணக்கில கரையும், திரும்பக் கட்டிறது மாசக் கணக்கு.

அப்ப ரெஸ்ட் எண்டு எழுதினதுக்கு என்ன கருத்து? அடிபட்ட அந்தத் துண்டை அது தாங்காத வேலையில இருந்து விலக்கி வையுங்கோ எண்டதுதான். மிச்ச உடம்பு முழுக்க வேலை செய்யலாம், செய்யவும் வேணும். முழங்கால் எண்டா கணுக்காலை மேல கீழ ஆட்டுங்கோ, அங்கிள் பம்ப் எண்டுறது, ரெத்தம் காலில தேங்கிக் கட்டிபடாமல் இருக்க அது உதவும். கை எண்டா விரலை மடக்கி நீட்டுங்கோ, தோளைத் தூக்குங்கோ. பெட் ரெஸ்ட் எண்டு குறிச்சு எழுதினா மட்டும் படுங்கோ.

பங்குனி 3

ஒரு அம்மா எழுதியிருக்கிறா, மகன்ர கார்ட்டில "ரெஃபர் டு ரிஹாபிலிடேஷன்" எண்டு கிடந்ததாம், வீட்டில ஆரோ அதைத் தமிழில புனர்வாழ்வு எண்டு வாசிச்சுக் காட்ட அவவுக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லையாம்.

அம்மா, விளங்குது. 2009இல சண்டை முடிஞ்சு இயக்கத்தில இருந்த ஆக்களைத் தடுத்து வச்சதுக்கும் அந்தப் பேர்தான், அதுக்குப் பிறகு வன்னியில அந்தச் சொல்லை ஒருத்தரும் சும்மா கேக்கமாட்டினம். இது அது இல்லை. கை கால் வழக்கத்துக்குத் திரும்புறதுக்கான பயிற்சி, பிசியோ, தேவையெண்டா ஊண்டுதடி, பிளாஸ்ரிக் கால், அவ்வளவும்தான். மாங்குளம் ஆஸ்பத்திரியிலயும் இதுக்கெண்டு தனிப் பிரிவு இருக்கு. மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பிந்தினா மூட்டு இறுகிப்போடும்.

பங்குனி 4

பாஷைப் பிரச்சினைக்கு. பிசியோ மிஸ்மார் கனபேர் தமிழ் பழகிப்போட்டினம், "மடக்குங்கோ, நீட்டுங்கோ, மூச்சு விடுங்கோ" எல்லாம் வரும். வராட்டி நவன்ன எண்டா மடக்கு, உஸ்ஸன்ன எண்டா தூக்கு, ரிதெனவாத எண்டா நோகுதோ. இந்த மூண்டும் இருந்தாக் காணும், மிச்சம் கையால நடக்கும். என்ர மிஸ்ஸும் நானும் ஒரு வசனத்தில மூண்டு பாஷை கதைப்பம், "நீ நவன்ன, இன்னும் கொஞ்சம், குட்" எண்டு. கேட்டுக்கொண்டிருந்த ஆக்களுக்குச் சிரிப்பு.

பங்குனி 11

முரசுமோட்டைத் தம்பி: "நோகுது எண்டு சொன்னா அவைக்கு விளங்கும்தானே, அதுக்கு ஏன் இங்கிலிஷ்?"

நோகுது எண்டது விளங்கும். எப்பிடி நோகுது எண்டதில இருந்துதான் எங்க பிழை எண்டு அவை பிடிப்பினம். தமிழில எங்களிட்ட இல்லாத சொல்லே, அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ, குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விண் விண் எண்டு தெறிக்கிறது எண்டு அடுக்குவா. ஆனா டொக்டருக்கு முன்னால போனவுடன எல்லாரும் ஒரே நோகுதுதான். குத்துறதை ஷார்ப் எண்டு சொல்லுங்கோ, உளைவை ஏக், எரிவை பேர்னிங், விண் விண்ணை த்ரொபிங். எரிவும் ஊசி குத்துறதும் ஒரு கோடு மாதிரிக் காலால இறங்கினா நரம்புப் பக்கம் யோசிப்பினம், அசைச்சாக் குத்தி அசையாட்டி நிண்டா அது மூட்டு, சதைப் பக்கம்.

மாறாட்டம் வாற இடம் விறைப்பு. எங்களுக்கு விறைப்பெண்டா தொட்டாத் தெரியாது, அது நம்ப்னெஸ். ஆனா காலமை எழும்பேக்க முழங்கால் மடங்க மறுக்கிறதையும் கனபேர் விறைப்பெண்டுதான் சொல்லுறவை. அது ஸ்டிஃப்னெஸ். ஒராள் ஸ்டிஃப்னெஸை நம்ப் எண்டு சொல்லப்போய் ஊசியால குத்திக் குத்தி நரம்பு செக் பண்ணினவை. மறுவளமாச் சொல்லுறது அதைவிட ஆபத்து. பிளாஸ்டர் போட்ட கை, கால், விரல் நம்ப் ஆகி, வீங்கி, விரலை ஆரும் நீட்டிப் பாத்தா உயிர் போற நோ வந்து, பனடோலுக்கும் அடங்காட்டி, அந்த மணித்தியாலமே ஓட்டோ பிடிச்சுப் போங்கோ. விடிய கிளினிக்குத்தானே எண்டு இருக்கப்படாது. உள்ளுக்க அமுக்கம் ஏறிச் சதைக்கு ரெத்தம் போகாமல் விடும், கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் எண்டுறது. சொல்லு பாடமில்லாட்டிப் பரவாயில்லை.

நோவுக்குப் பத்துக்கு எத்தினை எண்டும் கேப்பினம். அம்மா கிணத்தடியில வழுக்கிக் கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சவ. மணிக்கட்டு பாத்தா முள்ளுக்கரண்டி வளைஞ்ச மாதிரி. பத்துக்கு எத்தினை எண்டு கேக்க "ரெண்டு" எண்டிட்டா. பேந்து கேட்டா, என்னைப் பெத்ததைப் பத்தெண்டு வச்சுக் கணக்குப் பாத்தவவாம். அவவின்ர கார்ட்டில கொலிஸ் பிரக்சர் எண்டு இருந்தது. ஆபிரகாம் கொலிஸ் எண்ட அயர்லாந்து டொக்டர் இந்த முறிவை 1814இல எழுதி வச்சவர். எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895இல. அந்தாள் கையாலயும் கண்ணாலயும் மட்டும் பாத்து எழுதியிருக்கிறார்.

பங்குனி 20

கிராக் எண்டாச் சின்னது, பிரக்சர் எண்டாப் பெரிசு எண்டு எல்லாரும் சொல்லுறதை முதல் விடுங்கோ. ரெண்டும் முறிவுதான். கிராக் எண்டு சொல்லிப்போட்டு வயலுக்குப் போய் அதை விலகப் பண்ணின ஆக்கள் இருக்கினம்.

ஸ்ப்ரெய்ன், ஸ்ட்ரெய்ன். எழுத்தில ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், எங்களுக்கு ரெண்டும் சுளுக்கு. ஸ்ப்ரெய்ன் மூட்டைப் பிடிச்சிருக்கிற லிகமென்ட்டில, ஸ்ட்ரெய்ன் சதையிலயோ அது எலும்போட பொருந்துற நாரிலயோ. கணுக்கால் பிரட்டினா ஸ்ப்ரெய்ன். மூட்டை தூக்கேக்க நாரி பிடிச்சுதெண்டா அனேகம் ஸ்ட்ரெய்ன். கிரேட் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எழுதினா ஒண்டு இழுபட்டது, ரெண்டு பாதி கிழிஞ்சது, மூண்டு முழுக்கப் போனது.

கணுக்கால் பிரண்டா எக்ஸ்ரே தேவையோ எண்டு கேட்டவைக்கு, 1992இல கனடாவில ஒட்டாவா ரூல்ஸ் எண்டு ஒண்டு கொண்டந்தவை, உலகம் முழுக்கப் பாவிக்கினம். உள்மொளி வெளிமொளி ரெண்டில ஏதாவது ஒண்டின்ர பின் விளிம்பிலயோ நுனியிலயோ எலும்பில அமத்தினா நோகுதோ, இல்லாட்டி விழுந்த உடனயும் ஆஸ்பத்திரியிலயும் நாலு எட்டு வைக்க ஏலாமல் இருக்கோ, அப்ப எக்ஸ்ரே எடுக்கவேணும். பாதத்தின்ர நடுவில நோ எண்டா அதுக்கு வேற இடங்கள் பாப்பினம். வீக்கம் எவ்வளவு பெரிசு எண்டது அந்தக் கணக்கிலயே இல்லை, அதுதான் எனக்குப் புதினமா இருந்தது.

சித்திரை 2

றைஸ். வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், வந்திட்டுது. "பிசியோவில றைஸ் வைக்கச் சொல்லினம், எங்கட பரியாரியார் புக்கை கட்டுறார், ரெண்டும் ஒண்டுதானே மாஸ்டர்?" எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். சிரிச்சு முடிய இவ்வளவு நேரம்.

அந்த றைஸ் சோறில்லை. ரெஸ்ட், ஐஸ், கொம்ப்ரெஷன் (சுத்திக் கட்டிறது), எலிவேஷன் (உயர்த்தி வைக்கிறது) எண்ட நாலின்ர முதலெழுத்து. 1978இல கேப் மேர்கின் எண்ட அமெரிக்க டொக்டர் வச்ச பேர். 2014 அளவில அவரே ஐஸும் முழு ரெஸ்ட்டும் ஆறுறதைப் பிந்தப் பண்ணலாம் எண்டு எழுதினவர், ஏன் எண்டா வீக்கமும் சூடும் உடம்பு தன்னைத் திருத்திற வேலையின்ர ஒரு பங்கு. அதுக்கு முந்தியே, 2012இல, ரெஸ்ட்டை எடுத்துப்போட்டு அளவான பாரம் எண்டதை உள்ளுக்க விட்டு பொலிஸ் எண்டு மாத்தினவை. எங்கட ஊரில அந்தப் பேருக்கு ஒருத்தரும் கிட்ட வராதுகள். 2019இல வந்தது பீஸ் அண்ட் லவ். அதில ஐஸே இல்லை, முதல் நாளுகளில வீக்கத்துக்கெண்டு குடுக்கிற குளிசையையும் தவிர்க்கச் சொல்லுது, பிறகு மெல்ல மெல்லப் பாரம், ரெத்த ஓட்டத்துக்கு நடை, சைக்கிள், அதோட நல்லா வரும் எண்ட நம்பிக்கையும் ஒரு மருந்தெண்டு சேத்திருக்கினம்.

என்ர எண்ணம் என்னெண்டா, நோவுக்கு ஐஸ் நல்லம், துணியில சுத்தி 15, 20 நிமிசம் வையுங்கோ, நேரா தோலில வைக்காதேங்கோ. ஆனா அது மரமரக்கப் பண்ணுது, சுகமாக்கேல்ல.

முறிவில மருந்தாக் கட்டிற புக்கை பற்றி. முறிவு நெரிவு பாக்கிற பரியாரிமாரை நான் குறைச்சுச் சொல்லமாட்டன், அவையின்ர கட்டில கையசையாமல் இருந்து பொருந்தின எலும்புகள் எங்கட சொந்தத்திலயே இருக்கு. விலகாத முறிவெண்டா அசையாமல் வச்சிருக்கிறதுதான் வைத்தியமே. விலகினது, மூட்டுக்க போனது, தோலைக் கிழிச்சது, இதுகளை எக்ஸ்ரே இல்லாமல் கட்டிறதுதான் பயம். இறுக்கிக் கட்டி விரல் நீலம் பாரிச்சா மேல பங்குனியில எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ.

சித்திரை 3

ஐஸ் விசயத்தில யோசிச்சுப் பாத்தன். கணுக்கால் பிரண்டவனுக்கு அந்தப் பின்னேரம் நோ குறைஞ்சாத்தானே காலை அசைப்பான், அசைச்சாத்தானே சுகம். அப்பிடிப் பாத்தா ஐஸும் சுத்திச் சுகமாக்குதுதான். நேற்று எழுதினதைக் கொஞ்சம் இளக்கி வாசியுங்கோ.

சித்திரை 17

வருசத்துக்கு நடந்த விளையாட்டுப் போட்டியளால இண்டைக்கு நிறையக் கேள்வி. எல்லாத்துக்கும் சேத்து.

டபிள்யூ.பி.ஏ.டி. எண்டது வெயிட் பெயரிங் அஸ் டொலரேட்டட். தாங்கக்கூடிய அளவுக்குப் பாரம் குடுங்கோ எண்டு. வெள்ளைக்காரன் இதை எழுதேக்க நோகத் தொடங்கினா ஆள் காலைத் தூக்கிப்போடும் எண்டு நினைச்சு எழுதியிருக்கிறான். எங்கட சனத்துக்கு தாங்கச் சொன்னா எதையும் தாங்கும். பல்லைக் கடிச்சுக்கொண்டு வயல் வரம்பில நடந்து போய் "தாங்குது டொக்டர்" எண்டு சொல்லும். அப்பிடி இல்லை. நொண்டாமல் நடக்கிற அளவு, அடுத்த நாள் காலமை வீக்கம் கூடாத அளவு, அதுதான் தாங்குற அளவு. நொண்டல் வந்தா ஊண்டுதடியை எடுங்கோ.

இருவது கிலோ மட்டும் எண்டு பார்ஷல் சொன்னா எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவர் நல்ல கேள்வி கேட்டார். தராசில பழகிறதுதான் வழி. நான் எங்கட பக்கத்து நெல்லுக் கடையின்ர தட்டுத் தராசில பழகினனான். ரெண்டு பக்கமும் ஊண்டுதடி, நல்ல கால் தட்டுக்கு வெளியால அதே உயரத்துக்குக் கல்லில, மற்றக் கால் மட்டும் தட்டில. மெல்ல அமத்த முள்ளு ஏறும். இருவதில நிப்பாட்டி அந்த அளவைக் காலுக்குப் பழக்கவேணும். கண்ணை மூடி அமத்திப்போட்டுத் திறந்து பாத்தா முதல் கொஞ்ச நேரம் முப்பத்தஞ்சு, நாப்பது எண்டு காட்டும். கடைக்காரர் "மாஸ்டர், சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பம்" எண்டார்.

ஏ.சி.எல். ஒப்பரேசன் செய்த தம்பிமாருக்கு. கழக மச் இருக்கு எண்டு ஆறாம் மாசம் இறங்காதேங்கோ. நோர்வேயில செய்து 2016இல வந்த ஆய்வொண்டு, ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் பிந்தப் பிந்தத் திரும்ப முழங்கால் அடிபடுற வீதம் ஏறக்குறையப் பாதியாக் குறையுது எண்டு காட்டினது. மாசம் மட்டும் காணாது, தொடைப் பலம் மற்றக் காலோட பாத்தா 90 வீதமாவது வரவேணும், ஒத்தைக் காலில எழும்பிப் பாயிற ஹொப் டெஸ்ட் பாஸ் பண்ணவேணும். கப்டன் சொல்லுறது மெடிக்கல் கிளியரன்ஸ் இல்லை.

சித்திரை 18

நொன் யூனியன் எண்டா எலும்பு பொருந்தேல்ல. மல் யூனியன் எண்டாப் பொருந்திட்டுது, கோணலா. ஆஸ்பத்திரித் தொழிற்சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, ஸ்ரைக் எண்டு ஒருத்தர் கிளினிக்குக்குப் போகாமல் விட்டிட்டாராம்.

வைகாசி 6

இதை எழுதலாமோ எண்டு மாமாவைக் கேட்டன், எழுது எண்டார்.

மாமா ஒட்டுசுட்டான் பக்கம், இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, மிதிவெடி. கார்ட்டில பிலோ நீ எண்டு இருக்கும். மிச்சம் இருக்கிற துண்டை ஸ்டம்ப் எண்டுவினம், அவர் கிரிக்கெட் பைத்தியம், "என்ர மிடில் ஸ்டம்ப்" எண்டு அவரே பகிடி விடுவார். ஆனா கன வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒண்டை வச்சிருந்தவர். இல்லாத அந்தக் காலின்ர பெருவிரல் கடிக்குமாம். இரவில பாதம் முறுக்கிப் பிடிக்குமாம். சொன்னா விசர் எண்டுவினம் எண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

அதுக்குப் பேர் ஃபான்டம் லிம்ப். அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில கை கால் போன ஆக்களைப் பாத்த வியர் மிட்செல் எண்ட டொக்டர் 1871இல வச்ச பேர். விசர் இல்லை, உடுப்பு மாத்திற மாதிரி மூளை தன்ர உடம்புப் படத்தை உடன மாத்தாது. கால் போன ஆக்களில பெரும்பாலானவைக்கு இந்த உணர்வு ஏதோ ஒரு அளவில வாறது.

கிளினிக்கில கேப்பினம், ஸ்டம்ப் பெய்னோ ஃபான்டம் பெய்னோ எண்டு. இதுக்கு "கால் நோகுது" எண்டு மட்டும் பதில் சொன்னா ஒண்டும் நடக்காது. இருக்கிற துண்டில நோ எண்டா அதைச் செருகிற பிளாஸ்ரிக் காலின்ர சொக்கெட் உரஞ்சுது, புண் வருது, நரம்பு நுனியில கட்டி, இல்லாட்டி தொற்று, இப்பிடிக் கண்ணால பாக்கக்கூடிய காரணம் தேடுவினம். இல்லாத துண்டில நோ எண்டா மருந்தே வேற, நரம்புக்குக் குடுக்கிற குளிசையள், கண்ணாடிப் பயிற்சி. மாமா இவ்வளவு காலமும் "கால் நோகுது" எண்டு மட்டும் சொல்ல, அவை சொக்கெட்டை மாத்திக்கொண்டே இருந்தவை.

கண்ணாடிப் பயிற்சியைக் கொண்டந்தது எங்கட ஆள், தமிழ்நாட்டில பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில. நாங்கள் வீட்டில பழைய அலுமாரிக் கதவைக் கழட்டி, பாயில மாமாவை இருத்தி, ரெண்டு தொடைக்கும் நடுவில கண்ணாடியை நீட்டுப்பாட்டுக்கு நிப்பாட்டினம், நல்ல கால் பக்கம் கண்ணாடி முகம். வலக்கால் விரலை அவர் மடக்கி நீட்ட, கண்ணாடிக்குள்ள இடக்கால் மடங்கி நீளுது. கொஞ்ச நேரம் ஒண்டும் பறையேல்ல. பிறகு "டேய், முறுக்கு விடுது" எண்டார். எல்லாருக்கும் வேலை செய்யாது, மாமாவுக்கும் எல்லா இரவும் வேலை செய்யேல்ல. ஆனா இப்ப அது வந்தா "ஃபான்டம் வந்திட்டுது" எண்டு மாமியிட்டச் சொல்லுறார், முந்தி மாதிரி வெளியில போய்த் தனிய இருக்கேல்ல.

வைகாசி 7

ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேட்டவைக்கு. இந்தியாவில ஜெய்ப்பூரில 1968 அளவில வந்தது, ரப்பர் பாதம், சப்பாத்துத் தேவையில்லை, குந்தலாம், சேத்துக்க இறங்கலாம், எங்கட வயலுக்கு ஏத்தது. யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிலையம் 1987இல இருந்து செய்யுது. இது ப்ரொஸ்தீசிஸ், இல்லாத உறுப்புக்குப் பதிலா வாறது. ஓர்த்தோசிஸ் எண்டா இருக்கிற உறுப்பைத் தாங்கிறது, பாதம் தொங்கிப்போன ஆக்களுக்குக் குடுக்கிற ஏ.எஃப்.ஓ. மாதிரி. விண்ணப்பம் நிரப்பேக்க ரெண்டையும் மாறி எழுதினா வரிசையில திரும்ப முதல்ல இருந்து நிக்கவேணும்.

வைகாசி 22

ஊண்டுதடிச் சண்டையை முடிப்பம். ஒத்தைத் தடி எண்டா நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கவேணும். வலக்கால் நோ எண்டா இடக்கையில. மேல ஒரு அண்ணை அது முட்டாள்தனம் எண்டு எழுதியிருக்கிறார். அண்ணை, எழும்பி நடந்து பாருங்கோ, வலக்கால் முன்னுக்குப் போகேக்க எந்தக் கை தானா முன்னுக்குப் போகுது? தடியும் அந்தக் கால் ஊண்டேக்க கூட ஊண்டும், இடுப்பில விழுற பாரம் பங்கிடுபடும். அதே பக்கம் பிடிச்சா உடம்பு அந்தப் பக்கம் சாஞ்சு போகும்.

உயரம், நேரா நிண்டு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்புக்குக் கைபிடி வரவேணும். கமக்கட்டில வைக்கிற சோடி எண்டா மேல்பட்டைக்கும் கமக்கட்டுக்கும் நடுவில ரெண்டு மூண்டு விரல் இடம் இருக்கவேணும், பாரம் உள்ளங்கையில. கமக்கட்டில தொங்கினா நரம்பு நசிஞ்சு மணிக்கட்டு விழுந்துபோகும். படி ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நோகிற கால் முதல். பஸ்ஸுக்கும் அதேதான், எங்கட பஸ் மிதிபலகை உயரம், கொண்டக்டரை இழுக்க விடாதேங்கோ, நீங்களே கம்பியைப் பிடிச்சு ஏறுங்கோ.

தடியின்ர அடி ரப்பரைப் பிரட்டிப் பாருங்கோ, வரி தேய்ஞ்சு மொழுமொழு எண்டு இருந்தா மாத்துங்கோ, ஈரச் சீமெந்தில அது நிக்காது. பரந்தன் சந்திப் பக்கம் ஒரு பாமசியில விக்கிறவை, இப்ப முடிஞ்சிட்டுதாம். புதுக்குடியிருப்பில எங்கயும் கிடைக்குதோ?